ஏழு சாரின் விருப்பப் பாடம்

“நான் கெமிஸ்ட்ரி எடுக்க மாட்டேன்னு எத்தனை தடவை—”

“எடுக்குற. பேச்சு முடிஞ்சுது.”

“எங்க முடிஞ்சுது? நான் இன்னும் ஆரம்பிக்கவே—”

“இவ்வளவு நேரம் கத்தினது என்னவாம்? தாலாட்டா?”

மகள் தட்டைத் தள்ளி வைத்தாள். அப்பா அதை இடது கையால் அவள் பக்கமே திரும்பத் தள்ளினார். வலது கை மடியில் கிடந்தது. சாப்பிடும்போது அந்தக் கை மேஜைக்கு மேலே வருவதே இல்லை.

விஷயம் இதுதான். பத்தாவது முடித்த பிள்ளைகள் மற்ற பாடங்களோடு விருப்பப் பாடம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதுவரை கெமிஸ்ட்ரி, கணக்குப்பதிவு, ஓவியம் என்று மூன்றுதான் இருந்தன. இந்த வருஷம் நாலாவதாக உலோகத் தொழில் வந்திருக்கிறது. தகரத்தில் டப்பா மூடியும் கீலும் வெட்டித் தள்ளும் பிரஸ் கம்பெனி பள்ளிக்கு ஒரு மெஷினைக் கொடுக்கிறது. சொல்லித் தர ஆளையும் அதுவே கொடுக்கிறது. அந்த ஆள்தான் இவர்.

கம்பெனியில் இவருக்கு ஏழு என்று பேர். பத்து விரலில் மூன்று போனால் மிச்சம் எவ்வளவு என்று ஒரு வேடிக்கைக்காரன் கணக்குப் போட்டு வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. விரல் போன பிறகு வருஷக்கணக்காக கேட்டில் உட்கார்ந்து லாரிக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தவர். அவரைத் திடுதிப்பென்று சார் ஆக்கப் போகிறார்கள் என்றதும் மகளுக்குத் தலைகால் புரியவில்லை. “வகுப்புல நான் உங்களை சார்னுதான் கூப்பிடணுமா? வீட்டுக்கு வந்தா ‘சார், சாப்பிட வாங்க’ன்னா?” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நீ என் வகுப்புக்கு வரப்போவதில்லை என்று அவர் சொன்ன அன்றோடு அந்தச் சிரிப்பு நின்றது.

“காரணம் சொல்லுங்கப்பா.”

“உனக்குத் தலை இருக்கு. அதை வெச்சுப் பொழைச்சுக்கலாம்.”

“மத்த பிள்ளைங்களுக்குக் கழுத்துக்கு மேல என்ன இருக்கு, சட்டியா?”

“வாயைப் பாரு, வாயை,” என்றாள் அம்மா அடுப்பு மேடையிலிருந்து. திரும்பவில்லை. முதுகு மட்டும் லேசாகக் குலுங்கியது.

“நல்ல வகுப்புதானேப்பா அது?”

“நல்ல வகுப்புதான்.”

“அப்ப நானும் வரேன்.”

“உனக்கு வேணாம்.”

“நல்லது எனக்கு வேணாமா?”

அவர் டம்ளரை எடுத்தார். தண்ணீரைக் குடித்தார். டம்ளர் காலியான பிறகும் வாயிலிருந்து எடுக்கவில்லை.

“எனக்குத் தகரம் பிடிக்கும்ப்பா. கையில ஏதாவது செஞ்சாதான் எனக்கு மண்டையில ஏறும். பயமா உங்களுக்கு? முன்னாடி கம்பி வலை இருந்தா கை உள்ளயே போகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. மாமா அதைக் கழட்டச் சொன்னதாலதான—”

“குட்டி!” அம்மா இப்போது திரும்பினாள். கரண்டியிலிருந்து சொட்டியது. “அந்தப் பேச்சு இந்த வீட்டுல வேணாம்னு சொல்லியிருக்கேன்.”

பேச்சு என்னவென்றால், பிரஸ் மெஷினின் முன்னால் கம்பி வலை ஒன்று இருக்கும். தகரத்தை வைத்து, வலையை இறக்கிவிட்டு, அப்புறம்தான் மேலிருந்து அச்சு இறங்க மிதியை மிதிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு மூச்சு நேரம் போகும். அவசர ஆர்டர் வந்த ஒரு நாள், அப்போது சூப்பர்வைசராக இருந்த மச்சான், அதாவது இவர் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன், “கழட்டி வைங்க மாப்ளே, இப்படி ஆடி அசைஞ்சா விடிஞ்சுரும்” என்றார். இவர் கழற்றினார். விசாரிக்க ஆள் வந்தபோது இவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வலை மட்டும் ஒன்றும் தெரியாததுபோல் மெஷினில் பழைய இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. என் கவனக்குறைவு என்று இவர் சொன்னார். சொன்னதால் கேட் வேலை கிடைத்தது, மச்சானுக்கும் ஒரு கீறல் இல்லை. உண்மையை இவராக வாய் திறந்து மகள் ஒருத்தியிடம்தான் சொன்னார். அவள் அப்போது சின்னப் பிள்ளை. அந்தக் கையைத் தடவிக்கொண்டே, “விரல் எங்கப்பா போச்சு?” என்று கேட்டவளிடம் பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

“சரி,” என்றாள் மகள். எழுந்துவிட்டாள். “கெமிஸ்ட்ரி. நீங்க நிம்மதியா இருங்க.”

அவள் தட்டைக் கழுவிக் கவிழ்த்த சத்தத்தில் வீட்டில் வேறு யாருக்கும் நிம்மதி மிஞ்சவில்லை.

மறுநாள் விருப்பப் பாடத்துக்குப் பேர் கொடுக்கும் நாள். காலையில் பெற்றோர் வருவதற்கு முன்பே இவர் பள்ளிக்குப் போய்விட்டார். பின்பக்கக் கொட்டகையில் கம்பெனி சார்பில் வந்த மச்சான் சட்டை இஸ்திரி கலையாமல் நின்றிருந்தார். தார்ப்பாயை உருவி எறிந்தார்.

“எப்படி மாப்ளே? புதுப் பொண்ணாட்டம் இல்ல?”

பச்சைப் பெயிண்ட் பளபளத்தது. இவர் மெஷினைச் சுற்றி வந்தார். குனிந்து மிதியைப் பார்த்தார். இடது ஓரத்தில் ஒரு துண்டு பெயர்ந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் இவருடைய கால் கட்டை விரல் எத்தனையோ வருஷம் பதிந்து கிடந்திருக்கிறது. அதன்மேலும் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

“இது அதுவா?”

“எது?”

“மச்சான்.”

“இரும்புக்கு என்ன ஞாபகமா இருக்கப் போகுது? ஓடுதா, போதும்.”

“வலை எங்க?”

“வரும். எழுதிப் போட்டிருக்கு.”

“எப்ப வரும்?”

“முதல்ல பிள்ளைங்க சேரட்டும். சேரலன்னா மெஷினே திரும்பிப் போயிரும். அப்புறம் வலையை வெச்சு மீன் பிடிக்கவா?”

இவர் சிரிக்கவில்லை. “சேரலன்னா நான் கேட்டுக்கே போறேன்.”

“கேட்டுக்கு ஆள் போட்டாச்சு. உங்க நாற்காலி சூடு ஆறல, அதுக்குள்ள ஒருத்தன் உக்காந்துட்டான்.” மச்சான் குரலைத் தாழ்த்தினார். “மாப்ளே, எவன் எவன் கால்ல விழுந்து இதை வாங்கினேன்னு எனக்குத்தான் தெரியும். என் தங்கச்சிக்காக. யாராவது கையைப் பத்திக் கேப்பாங்க. என்ன சொல்லணும்னு—”

“தெரியும்.”

“புதுசாவா சொல்லப் போறீங்க?”

முற்றத்தில் நான்கு மேஜைகள். கெமிஸ்ட்ரிக்கு வரிசை வாசல்வரை நின்றது. ஓவிய வாத்தியார் தன் மேஜையில் கன்னத்தில் கைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கொட்டகை வாசலில் இருந்த மேஜைக்கு வந்தவர்கள் எல்லாரும் முதலில் பச்சை மெஷினைப் பார்த்தார்கள், அப்புறம் இவர் கையைப் பார்த்தார்கள், அப்புறம் வேறு வேலை ஞாபகம் வந்ததுபோல் நகர்ந்தார்கள். மேஜைமேல் இருந்த தாள் வெள்ளையாகவே கிடந்தது. மனைவி ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையல்காரம்மாதான் நின்றாள். யூனிபார்ம் தைப்பவள், பள்ளியில் பாதிப் பேர் உடம்பில் அவள் கைவேலைதான். அவள் மகளும் இவர் மகளும் ஒரே பெஞ்ச்.

“என் மவளுக்கும் கெமிஸ்ட்ரிக்கும் ஏழாம் பொருத்தம்ணே. இதுல போடலாம்னுதான் வந்தேன். நானும் மெஷின்ல உக்காந்திருக்கிறவதான். ஊசி ஏறினா எனக்கு ஒரு சொட்டு ரத்தம். இது ஊசி இல்லையே.” தயங்கினாள். “தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கை…”

இவர் கையைத் தூக்கிக் காட்டினார்.

“இதை மெஷின் பண்ணலம்மா. நான் பண்ணினது. புத்தி வேற எங்கயோ இருந்தது. பிள்ளைங்களுக்கு நான் முதல் பாடமா சொல்லித் தரப்போறதே கவனம்தான்.”

வருஷக்கணக்காகச் சொன்ன வாக்கியம். உருண்டு மழுங்கிப்போய், தொண்டையில் எங்கும் குத்தாமல் வெளியே வந்தது. கொட்டகைத் தூணில் சாய்ந்திருந்த மச்சான் தலையாட்டினார்.

“அதுவும் சரிதான்,” என்றாள் தையல்காரம்மா. பேனாவை எடுத்து, பக்கத்தில் நின்ற தன் மகள் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, சும்மா கேட்பதுபோல் கேட்டாள்: “உங்க பொண்ணும் இதுலதானே சேருது?”

கெமிஸ்ட்ரி வரிசை கூப்பிடு தூரம்கூட இல்லை. மகள் அங்கேதான் நின்றாள், இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு. மச்சான் தூணிலிருந்து நிமிர்ந்தார். தையல்காரி மகளின் பேனா தாளுக்குமேல் காத்திருந்தது.

“ஆமா,” என்றார் இவர். “முதல் பேரே அவளுதுதான்.”

“ஏங்க,” என்றாள் மனைவி. ஸ்டூலிலிருந்து பாதி எழுந்தாள்.

எல்லாரும் போன பிறகு சரிபண்ணிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார். அவள் பாட்டுக்குக் கெமிஸ்ட்ரியில் இருக்கட்டும், யார் வந்து பார்க்கப் போகிறார்கள்.

“தாள்ல ஒரு பேரையும் காணோமே?” என்ற தையல்காரம்மா திரும்பிப் பார்த்துவிட்டாள். “ஏய் குட்டி! உங்கப்பா வகுப்பு இங்க இருக்கு, நீ அங்க நின்னு என்ன பண்ற?”

மகள் திரும்பினாள். வரிசையில் இருந்தவர்களும் திரும்பினார்கள். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், வெள்ளைத் தாளைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று இவர் எதிர்பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை. அன்று ஆஸ்பத்திரியில் இவர் கைக்கட்டைப் பிரிக்கும்போது மனைவியின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அந்த முகம்.

வரிசையை விட்டு வந்தாள்.

“பேனா எழுதல ஆன்ட்டி. இரவல் கேக்கத்தான் அங்க போனேன்.”

துளி தடுமாற்றம் இல்லை. வழுக்கிக்கொண்டு வந்தது பொய். இவருக்குச் சுருக்கென்றது. அந்த வழுக்கல் யாருடையது என்று இவருக்குத் தெரியும்.

அவள் தோழியின் கையிலிருந்து பேனாவை வாங்கி, தாளின் உச்சியில் தன் பேரை எழுதினாள். அடுத்து தையல்காரி மகள் எழுதினாள். அதுவரை எட்ட நின்று வேடிக்கை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்தார்கள். பேனா கை மாறிக்கொண்டே இருந்தது. மச்சான் வந்து முதுகில் தட்டினார். “அப்புறம் என்ன, சார் ஆயிட்டீங்க.”

“குட்டி, இங்க வா,” என்றார் இவர். கூட்டத்தின் சத்தத்தில் அது அவருக்கே கேட்கவில்லை.

பிள்ளைகள் மெஷினைச் சூழ்ந்துவிட்டார்கள். கரண்ட் கொடுத்திருக்கவில்லை. தையல்காரி மகள் விளையாட்டாக ஒரு காலை மிதிமேல் வைத்து, தகரம் வைக்கும் இடத்தில் கையை நீட்டினாள். அலமாரிக்குள் நீட்டுவதுபோல் கை முழங்கைவரை உள்ளே போனது. எதுவும் தடுக்கவில்லை.

மகள் அந்தக் கையைப் பார்த்தாள். மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக வெளியே எடுத்துவிட்டாள். இரண்டு அம்மாக்களும் மாமாவும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பக்கம் திரும்பினாள். அந்த வார்த்தையை முதல் தடவையாகச் சிரிக்காமல் சொன்னாள்.

“சார், இந்த மெஷின்ல வலை எங்க?”