சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்

"சும்மா உக்காந்திருந்தா போதும் டீச்சர்" என்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அதற்கு மேல் பேச இடமில்லை. பட்டறை சாருக்கு மஞ்சள்காமாலை. மறுநாள் தொழிற்பிரிவுக்குச் செய்முறைத் தேர்வு. முதலில் விளையாட்டு சாரைத்தான் கேட்டிருக்கிறார்கள். அவர் மைதானத்தைக் கைகாட்டிவிட்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டாராம். விசில் வாயில் இருக்கிற ஆளிடம் யார் வாதாடுவது? கடைசியில் வணிகவியல் டீச்சர் தலையில் விடிந்தது.

"மெஷின் ஓட்டலாமா சார்?" என்று வாசலில் நின்று கேட்டாள்.

"ஓட்டாம? நாளைக்குப் பரீட்சை. பசங்களுக்கு எல்லாம் தெரியும்."

வீட்டில் மிக்ஸியைக்கூட எட்டி நின்று போடுகிறவள் அவள். பட்டறைக்குள் கால் வைத்ததுமே கருகிய எண்ணெய் வாடை தொண்டையைப் பிடித்தது. தகரக் கூரைக்குக் கீழே, இரும்பைச் சுழற்றிச் சீவும் லேத் மெஷின்கள் நான்கு. மூன்று உறை போட்டுத் தூங்கின. ஓடுகிற ஒன்றைச் சுற்றிப் பிள்ளைகள் தங்கள் முறைக்காகக் காத்து நின்றார்கள். தரையெல்லாம் சீவி விழுந்த இரும்புச் சுருள்கள். செருப்பில் சிக்கிய ஒன்றைக் குனிந்து எடுக்கப் போனாள். "தொடாதீங்க டீச்சர், பிளேடு மாதிரி கிழிச்சிடும்" என்றான், எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் பையன். அவள் கையை இழுத்துக்கொண்டு மேசைக்குப் போய் உட்கார்ந்தாள்.

அந்த வகுப்பில் ஒரே ஒரு பெண். அது டீச்சரின் அக்கா மகள். வணிகவியலில் சேர்த்துவிட்டால் தங்கச்சியின் கண் முன்னாலேயே இருப்பாள் என்றுதான் அக்கா கணக்குப் போட்டிருந்தாள். பெண்ணோ மெஷின்தான் என்று ஒற்றைக்காலில் நின்றது. நடுவில் புகுந்து, "படிக்கட்டும் விடுக்கா, ஆசைப்படுறா" என்று பேசி முடித்தவள் இவள். அன்றைக்கு அக்கா கத்தவில்லை. காய் நறுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "நீதான் ஏத்திவிட்ட. அவ பத்து விரலுக்கும் நீதான் பொறுப்பு" என்றாள். அந்த நாளிலிருந்து மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இவள் பள்ளிக்கூடம் வந்து போகிறாள். தன் வகுப்பில் லாப நட்டம் நடத்திக்கொண்டிருக்கும்போது பட்டறைப் பக்கம் ஏதாவது சத்தம் கேட்டால் சாக்பீஸ் அப்படியே நின்றுவிடும்.

பெண்ணின் முறை வந்தது. தொப்பிக்குள் பின்னலைச் சுருட்டித் திணித்துக்கொண்டாள். பச்சைப் பொத்தானை அழுத்தினாள். இரும்புத் தண்டு சுழன்று, சுழல்வதே தெரியாத அளவுக்கு வேகமெடுத்தது. பால் நிற எண்ணெய்த் தண்ணீர் அதன் மேல் ஊற்றியது. சித்தி பக்கம் அவள் திரும்பவே இல்லை. பள்ளியில் அவளுக்கு இவள் டீச்சர்தான். மற்றவர்களைவிட ஒரு படி கூடுதலாகவே டீச்சர்.

அளவு பார்க்கப் பெண் குனிந்தபோதுதான் அது நடந்தது. தொப்பியின் பின்பக்கம் தூக்கிக்கொண்டது. பின்னல் மெதுவாக நழுவித் தோளில் விழுந்து, தோளிலிருந்து முன்பக்கமாகச் சரிந்தது. நுனியில் கட்டியிருந்த ரிப்பன் சுழலும் இரும்புக்கு ஒரு சாண் தள்ளி ஆடியது.

டீச்சர் கூப்பிட வாயைத் திறந்தாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாளே! திரும்பினால் பின்னல் வீசுமே! மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் எங்கேயோ இருக்க வேண்டும், பெண்ணின் இடுப்பு அதை மறைத்திருந்தது. காத்து நிற்பவர்கள் இருந்த பக்கத்திலிருந்து பின்னல் தெரியவில்லை. எழுந்தபோது நாற்காலி விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. சுவரோரம் இருந்த மெயின் சுவிட்சின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள்.

விளக்குகள் அணைந்தன. ஆனால் மெஷின் நிற்கவில்லை. கரண்ட் போனாலும் அது பழைய வேகத்தில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாது.

"எவன்டா அது?" என்று பெண் திரும்பினாள்.

பின்னல் வீசியது. ரிப்பன் இரும்பில் சுற்றிக்கொண்டது. தலை வெடுக்கென்று கீழே இழுபட்டது. தொப்பி எண்ணெய்த் தட்டில் விழுந்தது. ஒரு கையை மெஷினில் ஊன்றி, மறு கையால் முடியைப் பிடித்துக்கொண்டு பெண் முழு பலத்தோடு பின்னால் சாய்ந்தாள். ரிப்பன் கிழிந்தது. அவள் தரையில் போய் விழுந்தாள். இரும்பு இன்னும் கொஞ்சம் சுற்றிவிட்டுத்தான் நின்றது.

"தலைக்கு வந்தது ரிப்பனோட போச்சு" என்றான் நெட்டை. யாரும் சிரிக்கவில்லை.

டீச்சர் ஓடிப்போய்ப் பெண்ணின் நெற்றி, காது, பிடரி எல்லாவற்றையும் தடவினாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். ரத்தம் இல்லை. நானா காப்பாற்றினேன்? இல்லை, நான்தான் தள்ளிவிட்டேனா? இழுக்காமல் இருந்திருந்தால் அவள் திரும்பியே இருக்க மாட்டாளே. அளவு பார்த்துவிட்டு நிமிர்ந்திருப்பாளோ என்னவோ.

"சித்தி" என்றாள் பெண். அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் முதல் தடவையாக. "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

"எழுந்திரு. இன்னைக்குப் போதும்."

"இன்னும் ஒரே ஒரு இழைப்புதான் பாக்கி. கரண்ட் போடச் சொல்லுங்க."

"பைத்தியமா உனக்கு?"

பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இப்ப தொடலன்னா, நாளைக்கு என்னால தொடவே முடியாது சித்தி." சொல்லும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள்.

வெளியே மைதானத்தில் விசில் ஊதியது. ஒரு கூட்டம் கைதட்டி ஆரவாரம் செய்தது. பட்டறைக்குள் எல்லோரும் டீச்சரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். அக்காவும் தூங்குவாள். இந்தப் பெண் நாளை என்னிடமே வந்து லாப நட்டம் எழுதும்.

நெட்டையைப் பார்த்துத் தலையை அசைத்தாள். அவன் மெயின் சுவிட்சை நோக்கிப் போனான். தொப்பி எண்ணெயில் ஊறிக் கிடந்தது. கட்டுவதற்கு ரிப்பனும் இல்லை. அவள் பெண்ணின் பின்னால் போய் நின்றாள். அவிழ்ந்த முடியை மொத்தமாக அள்ளி முறுக்கித் தன் கையில் சுற்றி, பிடரியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இழுக்குது சித்தி."

"இழுக்கட்டும்."

விளக்குகள் எரிந்தன. பெண் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். உறுமல் ஏறியது. அதிர்வு பெண்ணின் உடம்பு வழியாக வந்து, முடியில் இறங்கி, அவள் மூடிய கைக்குள் குறுகுறுத்தது. கூர்முனை தொட்டதும் இரும்பிலிருந்து ஒரு சுருள் கிளம்பி, நீலமாகப் பளபளத்து, அறுபடாமல் நீண்டுகொண்டே வந்தது.