எல்லைப் பலகையில் தூக்கிய தகடு

பனி ஒதுக்கும் லாரி மாவட்ட எல்லைப் பலகையை நெருங்கினால் லூத்விக்கின் கை தானாகவே நெம்புகோலை இழுத்துவிடும். பனியைத் தள்ளும் முன்தகடு மேலே ஏறும், லாரி திரும்பும். அதற்கு அப்பால் அடுத்த மாவட்டம். அந்த மாவட்டத்து லாரி ஏரியைச் சுற்றிக்கொண்டு மத்தியானத்துக்கு மேல்தான் வரும். பலகையைத் தாண்டிக் கூப்பிடு தூரத்தில் வாண்டாவின் வீடு. பாவம், போலந்து வரைபடத்தில் அவள் வீடு அந்தப் பக்கம் விழுந்துவிட்டது.

பனி விழுந்த நாளெல்லாம் வாண்டா வாசலில் நின்று கையை ஆட்டிக் கத்துவாள்.

"அடேய் லூத்விக்! இன்னும் கொஞ்சம் தள்ளிக்கிட்டு வந்தா உங்க மாவட்டத்துக் குடியா முழுகிப் போயிடும்?"

லூத்விக் சிரித்துக்கொண்டே இரண்டு தடவை ஹாரன் அடிப்பான். 'பார்த்துட்டேன், போடி' என்று அதற்கு அர்த்தம். வருஷக்கணக்காக நடக்கிற விளையாட்டு.

அந்த ஜனவரிக் காலையிலும் வாண்டா நின்றாள். கோட்டு இல்லை, தொப்பி இல்லை, இரண்டு கையையும் வீசிக்கொண்டிருந்தாள். கோட்டு இல்லாததை லூத்விக் பார்த்தான். பார்த்தும் என்ன புண்ணியம்? பழகின கை நெம்புகோலை இழுத்தது. இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பிவிட்டான்.

மாட்டுக்கொட்டிலில் அவள் புருஷன் ரோமன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து கிடந்தான். ஆம்புலன்ஸ் லூத்விக் ஒதுக்கிய சாலையில் பறந்து வந்து, பலகையைத் தாண்டியதும் பனியில் புதைந்தது. ஆட்கள் நடந்து போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்து, தீயணைப்பு நிலையக் கூடத்தில் சாப்பாடு. வாண்டாவே லூத்விக்குக் கோழி சூப் ஊற்றினாள்.

"கண்ணாடி பூரா பனியா இருந்திருக்கும், இல்ல? நீ பாத்திருந்தா வராமலா இருப்பே?"

ஆமாம் என்று லூத்விக் தலையாட்டினான். கோழைப் பயல்! அன்றிலிருந்து தூக்கம் இல்லை. மனைவி கேட்டால் முதுகுவலி என்றான்.

அடுத்த பனி ஒரு வாரத்தில் விழுந்தது. பலகை வந்தது. கை நெம்புகோலுக்குப் போனது, அந்தக் கையை அவன் தடுத்துப் பிடித்துக்கொண்டான். தகடு கீழேயே கிடக்க லாரி முன்னால் போயிற்று. சாலை அலுவலகத்து அம்மா வயர்லெஸ்ஸில் கத்த ஆரம்பித்தாள்.

"யோவ் லூத்விக்! எல்லை தாண்டி எங்கேய்யா போறே? பக்கத்து மாவட்டத்துப் பனிக்கு நம்ம டீசலா?"

அவன் வயர்லெஸ்ஸை அணைத்தான். வாண்டாவின் வாசல் வரை சுத்தமாக ஒதுக்கிவிட்டு இறங்கினான். அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள். இந்தத் தடவை கத்தவில்லை.

"வாண்டா, அன்னிக்கு உன்னைப் பாத்தேன். கோட்டுகூட இல்லாம நின்னே. நீ வழக்கம்போல திட்டுறேன்னு நெனச்சுத் திரும்பிட்டேன். அடக்கச் சாப்பாட்டுல உங்கிட்ட பொய் சொன்னேன்."

"தெரியும். அதான் கேட்டேன், நீயே சொல்லுவேன்னு."

"தெரியுமா? எப்படி?"

"ஹாரன் அடிச்சியே. என்னைப் பாக்காம நீ எப்ப அடிச்சிருக்கே?" அவள் அவன் ஒதுக்கிய சாலையைப் பார்த்தாள். "அந்த ஹாரனைக் கேட்டுட்டுத்தான் கொட்டிலுக்கு ஓடினேன். ரோமனுக்கு அப்போ நினைவு இருந்துச்சு. லூத்விக் பாத்துட்டான், இதோ வந்துடுவான்னு சொன்னேன். அவரும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தார்."