பன்னிரண்டு நிமிட இளஞ்சிவப்பு

1

2016 பிப்ரவரி 18, வியாழக்கிழமை காலை 10.40 மணிக்கு, மியாசாக்கி மாகாணம் நோபெயோகாவில் ஒரு மருத்துவமனையின் மூன்றாம் தளத்தில், ஒரு நோயாளியின் இரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்துக்கொண்டிருந்த இயந்திரம் நிறுத்தப்பட்டது.

நான் கட்டிலிலிருந்து இரண்டடி தள்ளிக் குறிப்பேட்டுடன் நின்றிருந்தேன். உள்ளூர் நாளிதழுக்காகப் போயிருந்தேன். 'நம் ஊர் இழை, நம் ஊர் நோயாளிக்கு' என்பது ஆசிரியர் கொடுத்த தலைப்பு. கட்டுரை வந்தது, இயந்திரம் நின்றது அதில் வரவில்லை. விடுபட்ட அந்தப் பகுதிதான் இந்தக் கதை. யாரும் சாகவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பயத்தைக் காட்டி உங்களை இழுத்துப்போக எனக்கு விருப்பமில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "குரோகி மிசாவோவின் உடலுக்குள் ஓடிய நதி அன்று இரண்டாகப் பிரிந்தது. ஒன்று சிவப்பு, மற்றொன்று

அடித்துவிட்டேன். நதியெல்லாம் இல்லை. ஒரு சாண் நீளத்தில் ஒரு தெளிந்த பிளாஸ்டிக் குழல், அதுதான் வடிகட்டி. அதற்குள் சில ஆயிரம் இழைகள். ஒவ்வொன்றும் நூல்போல் மெல்லியது, உள்ளே வெறுமையானது. இரத்தம் இழைகளுக்குள் ஓடும். இழைச் சுவரின் நுண்துளைகள் வழியாகப் பிளாஸ்மா வெளியே கசியும். அணுக்கள் உள்ளேயே தங்கி உடலுக்குத் திரும்பும். கசிந்ததைப் பையில் சேர்த்து எறிந்துவிட்டு, ஈடாகப் புரதக் கரைசலை ஏற்றுவார்கள்.

மிசாவோவுக்கு அறுபத்தெட்டு வயது. நரம்பு சொல்வதைத் தசை கேட்காத நோய். அதற்குக் காரணமான பொருள் அவருடைய பிளாஸ்மாவில் இருந்தது. விழுங்க முடியவில்லை. இரண்டு இமைகளும் தொங்கிவிட்டதால் வலது இமையை மட்டும் பிளாஸ்திரியால் தூக்கி ஒட்டியிருந்தார்கள். ஒரே மூச்சில் அவர் ஊதும் காற்று ஒரு லிட்டருக்குக் கீழே இறங்கினால் தொண்டையில் குழாய் இறக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அன்று காலை அளவு 1.1.

3

இயந்திரத்தை இயக்கிய ஹிதாகாவை முதல் வரைவில் அலட்சியக்காரராக எழுதினேன். எழுதும்போதே பொய் என்று தெரிந்தது. அவர் ஒவ்வொன்றையும் விரல் நீட்டி, வாய்விட்டுச் சொல்லித்தான் சரிபார்ப்பார். "ஓட்டம், சரி. அழுத்தம், சரி. நிறம், சரி."

பிழையும் அங்கேதான். 10.28க்கு விரல் பிளாஸ்மாக் குழாயைக் காட்டியது. வாய் "நிறம், சரி" என்றது. கண் இன்னும் அழுத்தத்தின் எண்ணிலேயே இருந்தது. எண், எச்சரிக்கை மணி அடிக்கும் எல்லைக்குச் சற்றே கீழே.

[காரணம், அவசரமில்லாதவர்களுக்கு: அன்று இரத்த ஓட்டம் குறைவு. பிளாஸ்மாவை இழுக்கும் வேகத்தையும் அதற்கேற்பக் குறைத்திருக்க வேண்டும். போன முறை வைத்த வேகமே இருந்தது. அதிகம் இழுத்தால் அணுக்கள் சுவரில் நெருக்குண்டு உடையும். வைக்கோல் நிறப் பிளாஸ்மா சிவக்கத் தொடங்கும். உடைந்தவை சிறுநீரகத்தைக் கெடுக்கலாம்.]

பார்த்தவர் ஒருவர்தான், அந்த ஒற்றைக் கண்ணால்: மிசாவோ. அவர் இந்த இழைகளைச் செய்யும் உள்ளூர் ஆலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் இழைக்கட்டுகளைத் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வருகிறதா என்று பார்த்த பரிசோதகர்.

(இந்த வடிகட்டியே அவர் கைபட்டது என்று எழுத ஆசைதான். அவர் ஓய்வுபெற்று எட்டு ஆண்டுகள்; அவ்வளவு பழைய வடிகட்டியை யாரும் நோயாளிக்கு மாட்டமாட்டார்கள். விட்டுவிட்டேன்.)

4

"ஹிதாகா சான், வேலை நேரத்துல தொந்தரவு பண்றேன்." நோய் குரலையும் தொட்டிருந்தது, மூக்கால் பேசினார்.

"பரவாயில்ல, சொல்லுங்க."

"இன்னைக்கு அந்தக் குழாய்... நிறம் ரொம்ப நல்லா இருக்குல்ல?"

"அப்படியா? சந்தோஷம்."

போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்த செவிலி யானோ, "இவரைப் பாராட்டாதீங்க குரோகி சான். நாள் பூரா எங்ககிட்ட அலட்டிப்பாரு," என்றார்.

மிசாவோ மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "பிளம் பூ மாதிரி."

"ஆமா, வாசல்ல இளஞ்சிவப்பா பூத்திருச்சு. சீக்கிரமே நடந்துபோய்ப் பாத்துருவீங்க," என்றார் ஹிதாகா, எண்ணிலிருந்து கண்ணெடுக்காமல்.

"போன தடவை... இப்படி இல்ல."

"போன தடவை மழையாச்சே."

நான் சிரித்தேன். குறிப்பேட்டில் 'நோயாளி உற்சாகம்' என்று எழுதியிருக்கிறேன். இந்த ஊரில் பிறந்தவன் நான். அடுத்த வீட்டார் "உங்க நாய்க்கு நல்ல குரல்" என்றால் மன்னிப்புக் கேட்டு நாயை உள்ளே கட்டத் தெரிந்தவன். எனக்கும் உறைக்கவில்லை.

10.40.

"நிறுத்து."

அந்தக் குரலில் மூக்கு இல்லை, 'சான்' என்ற மரியாதை இல்லை. ஆலையில் பழுதைக் கண்டவர் முதலாளிக்கு எதிரேகூட அப்படித்தான் கத்த வேண்டும். ஹிதாகாவின் கை பொத்தானை அழுத்தியது. அதற்குப் பிறகுதான் குழாயைப் பார்த்தார். யானோ மருத்துவரைக் கூப்பிட ஓடினார்.

"உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

"நீங்க விரல் நீட்டினீங்களே, அப்பலேருந்து."

"சொல்லியிருக்கலாமே, குரோகி சான்."

"சொன்னேனே. மூணு தடவை."

5

வடிகட்டியை மாற்றினார்கள். வேகத்தைக் குறைத்தார்கள். பரிசோதனைக்கு இரத்தம் எடுத்துப்போனார்கள். 11.35க்கு மறுபடி ஓடத் தொடங்கியபோது யாரும் விரல் நீட்டவில்லை. மருத்துவரையும் சேர்த்து நான்கு பேரும் குனிந்து குழாயையே பார்த்தோம். வைக்கோல் நிறம். ஐந்து நிமிடம் கழித்தும் வைக்கோல் நிறம்.

ஹிதாகா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எழுந்திரிங்க," என்றார் யானோ. "இப்பதான் துடைச்ச தரை." அவர் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது.

மிசாவோ சொன்னார்: "இப்ப நிறம் நல்லா இல்ல, ஹிதாகா சான்."

முதலில் சிரித்தது ஹிதாகாதான்.

6

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன்.

அ. ஹிதாகா விரல் நீட்டுவதை விட்டுவிடுகிறார். (விடவில்லை. இப்போது கண் போய்ச் சேரும்வரை வாய் காத்திருக்கிறது.)

ஆ. மிசாவோ பிளம் மரத்தடியில் நிற்கிறார், காற்று மெல்ல

வேண்டாம்.

இ. அந்தப் பன்னிரண்டு நிமிடம் ஏன்? மரியாதையா? அல்லது நல்ல வடிகட்டியை அவசரப்பட்டுக் கழித்துவிடக் கூடாது என்ற பரிசோதகரின் பொறுமையா? ஒரு வாரம் கழித்து அவரிடமே கேட்டேன்.

"ரெண்டுமேதான். உங்களுக்கு எது எழுத வசதியோ எழுதிக்கோங்க."

எனக்கு இரண்டுமே வசதியாக இல்லை. நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்றது பதிவேட்டில் உள்ளது. சிறுநீரகத்துக்குப் பாதிப்பில்லை. மறுநாள் காலை அவர் ஊதிய காற்று 1.5 லிட்டர். தொண்டையில் குழாய் இறக்கவில்லை.