றேயாவின் சீதன வீடு

1

இந்தக் கதை ஒரு தலையணையிலிருந்து பிறந்தது. பெரிய சிந்தனையிலிருந்து பிறந்ததென்று சொல்ல ஆசைதான், ஆனால் என் மனைவி யூஜினி இதை வாசிப்பாள்.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு. கல்முனையில் என்னோடு படிப்பிக்கும் ஸலாஹுதீன் மாஸ்டரின் தங்கைக்குச் சாய்ந்தமருதில் கலியாணம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் பின்வளவுக்குப் போனேன். அவருடைய வாப்பா ஒரு தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வளவின் மூலையிலிருந்த ஓலைக் கொட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். மகளுக்கு வீட்டைக் கொடுத்தாயிற்று. மாப்பிள்ளை வந்துவிட்டான். இனிப் பெற்றவர்களுக்குக் கொட்டில். எங்கள் கரையில் முஸ்லிம்களென்ன, தமிழர்களென்ன, எல்லோருக்கும் இதுதான் வழமை. எத்தனையோ தரம் கண்ட காட்சி, அன்றைக்கு மட்டும் கை கழுவ மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கு முந்தின நாள்தான் வகுப்பில் டைற்றன்களைப் படிப்பித்திருந்தேன்.

2

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன், தெரிந்தவர்கள் வெற்றிலை போட்டுக்கொள்ளுங்கள்.

கிரேக்கரின் கடவுளருக்கு முந்திய தலைமுறைதான் டைற்றன்கள். தகப்பன் யுறேனஸ், ஆகாயம். தாய் கேயா, பூமி. கடைக்குட்டி குறோணஸ் தகப்பனை விழுத்திவிட்டு அரசிருக்கையில் ஏறினான். தன் அக்காள் றேயாவையே கட்டிக்கொண்டான். (வகுப்பில் இந்த இடம் வந்தால் எனக்கு இருமல் வந்துவிடும்.) 'உன் பிள்ளையே உன்னையும் விழுத்தும்' என்று பெற்றவர்கள் சொல்லிவைத்தார்கள். சும்மா இருப்பானா? றேயா பெறப்பெற விழுங்கினான். எஸ்தியா, டிமீற்றர், ஹீரா, ஹேடிஸ், பொசைடன் என்று ஐந்து பிள்ளைகள் உள்ளே போயின. ஆறாவதை றேயா கிறீற் தீவின் குகையில் ஒளித்துவிட்டு, ஒரு கல்லைச் சீலையில் சுற்றி நீட்டினாள். மடையன் அதையும் விழுங்கினான். தப்பிய பிள்ளைதான் சியூஸ். அவன் வளர்ந்து வந்து, தகப்பனைக் கக்கவைத்து, பத்து வருஷப் போரில் வென்று பாதாளத்தில் தள்ளினான்.

புத்தகங்கள் றேயாவுக்குக் கொடுத்திருக்கும் உத்தியோகம் தாய், அவ்வளவுதான். இடி மகனுக்கு, கடல் இன்னொரு மகனுக்கு. ஆனால் உலகத்தையே ஆண்டவனை ஒரு கல்லோடும் ஒரு முழத் துணியோடும் எதிர்த்து நின்றவள் அவள். அவள் இல்லாவிட்டால் கிரேக்கக் கடவுளர் வாழும் மலையில் ஒரு கடவுளும் குடியேறியிருக்க முடியாது. எனக்கு அவளில் அப்படியொரு மதிப்பு. ஞாயிறுதோறும் மெதடிஸ்த கோயிலில் உரக்கப் பாடுகிறவன் இதைச் சொல்லக்கூடாதுதான், சொல்லிவிட்டேன்.

3

றேயாவை எங்கள் கரைக்குக் கொண்டுவந்து கதை எழுத உட்கார்ந்தேன். தொடக்கங்கள்:

மைமூனா ஒரு டைற்றன். அவளுடைய தோள்கள் —

(வேண்டாம். தோளை வர்ணித்தால் யூஜினி கேள்வி கேட்பாள்.)

கல்முனைக் கடலில் அன்றைக்கு மீன் —

(மீனுக்கு இந்தக் கதையில் வேலையில்லை. நான் இந்த ஊர்க்காரன் என்று காட்டத்தான் கூப்பிட்டேன்.)

கரைவலை முதலாளி ஹமீட் சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பமாட்டார்.

இது இருக்கட்டும்.

ஹமீட்டுக்கு வயது ஐம்பது. மனைவி மைமூனா. ஒரே மகள் உம்மு, இருபத்துநான்கு. (ஆறு பிள்ளைகளை ஒரு சிறுகதையில் வளர்த்தெடுக்க எனக்குச் சீவனில்லை.) ஹமீட் மகளை விழுங்கவில்லை, அவளுக்கு வந்த கலியாணப் பேச்சுக்களை விழுங்கினார். முதல் மாப்பிள்ளையின் குடி* சரியில்லை. அடுத்தவன் பொத்துவிலான், தூரம். மூன்றாமவன் படித்தது போதாது, நாலாமவன் படித்தது கூடிப்போயிற்று. ஐந்தாவது பையனில் ஒரு குறையும் அகப்படாததால் அவனுடைய பெரியப்பாவில் ஒன்றைக் கண்டுபிடித்தார்.

(* குடி என்றால் இங்கே தாய்வழியாக வரும் குலம். வெளியூர் வாசகர் வேறெதையும் நினைக்கவேண்டாம்.)

உண்மைக் காரணம் ஊருக்கே தெரியும். உம்மு கட்டினால் வீடு உம்முவுக்கு, ஹமீட் தலையணையோடு கொட்டிலுக்கு. அவர் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த அன்று மாமனார் இறங்கிப்போனதைக் கண்டவர். அதே கொட்டிலில் மாமனார் கண்மூடி மௌத்தானதையும் கண்டவர். ஒருவனை எழுப்பிவிட்டு உட்கார்ந்தவனுக்குத்தான் தன்னை எழுப்ப வருகிறவனில் பயம்.

இப்போது ஆறாவது பேச்சு வந்திருக்கிறது. மருதமுனையில் தறி வைத்திருக்கும் ஸைனுலாப்தீன். உம்முவிடம் கேட்டார்கள், அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். எங்கள் ஊரில் அது பெரிய சம்மதம். வெள்ளிக்கிழமை பதில் சொல்லவேண்டும். இதையும் ஹமீட் விழுங்கினால், இனி ஒரு தரகரும் அந்தப் படலையைத் திறக்கமாட்டார். உம்முவின் வாழ்வு அத்தோடு முடிந்தது.

4

எனக்கு ஒரு கல் தேவைப்பட்டது.

ஆகையால் மைமூனாவைப் பொய் சொல்லவைத்தேன். 'மாப்பிள்ளை நல்ல மனிசன், உங்களையே பெரிய வீட்டில் இருக்கச் சொல்கிறான், அவர்கள் இருவரும் கொட்டிலில் இருப்பார்களாம்' என்று அவள் சொல்கிறாள். ஹமீட் நம்பித் தலையாட்டுகிறார். நிக்காஹ் முடிந்த பிறகு உண்மை வெளிவருகிறது. அச்சாக் கதை என்று என்னையே மெச்சிக்கொண்டு யூஜினியிடம் கொடுத்தேன்.

அவள் கண்ணாடியைப் போட்டு வாசித்தாள். கழற்றினாள்.

"இஞ்சாருங்க, அது ஆர்ர வீடு?"

ஹமீட்டின் வீடு என்றேன். அவள் எங்கள் கூரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். (நானும் மனைவியின் சீதன வீட்டில்தான் இருக்கிறேன். இந்த மேசை மட்டும் என்னுடையது.)

"கள்ளன்தான் ஒளிச்சுச் செய்வான். தன்ர வீட்டுக்குள்ள அவ ஏன் பொய் சொல்லணும்?"

கதை தலைகீழாகக் கவிழ்ந்தது. கிரேக்கத்தில் றேயா குறோணசின் மாளிகையில் இருந்தாள், அதனால் ஏய்க்கவேண்டியிருந்தது. இங்கே குறோணஸ்தான் றேயாவின் வீட்டில் இருக்கிறான். பிறந்ததிலிருந்து இந்தக் கரையில் கிடக்கிற எனக்கு இது ஓடவில்லை பாருங்கள். புத்தகம் கண்ணை மறைத்துவிட்டது.

5

திரும்ப எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலை. ஹமீட் கடற்கரையிலிருந்து வந்து விறாந்தையில், கதிரையில் சாய்ந்திருக்கிறார். மைமூனா அவரோடு வாதாடவில்லை. குசினிக்குப் போய், ஆறிய அடுப்பிலிருந்து மூன்று கற்களையும் பெயர்த்து எடுத்தாள். பழைய சீலையொன்றில் சுற்றினாள். பிள்ளையைத் தூக்குவதுபோல இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள்.

[சத்தியமாக இந்தக் கல்லை நான் கூப்பிடவில்லை. கொட்டிலில் உலை வைக்க அவளுக்குக் கல் வேண்டியிருந்தது, எடுத்தாள்.]

எங்கே போகிறாய் என்று ஹமீட் கேட்டார். அவள் நின்று திரும்பினாள்.

"நான் எழும்பிட்டன். வீடு இனி உம்முவுட. நீங்க இரிக்கிறண்டா இரிங்க, மகள்ர வீட்டு விருந்தாளியா."

எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். என்ன மனுஷி! குறோணஸ் இருக்க, அவன் இருந்த அரசே அவனுக்குக் கீழிருந்து நடந்துபோய்விட்டது. ஏமாற்றவில்லை, திட்டவில்லை, ஒளிக்கவில்லை. வழமை எதைக் கேட்டதோ அதைத் தானே முந்திச் செய்தாள். கிரேக்கப் புலவர்களுக்கு இப்படியொருத்தி அகப்பட்டிருந்தால் பத்து வருஷப் போர் நடந்திருக்காது.

கொட்டிலில் புகை எழுந்தது. பகல் லுஹர் தொழுகை நேரத்துக்குச் சோறும் மீனாணமும் ஆயிற்று. மைமூனா இரண்டு பீங்கான் வைத்தாள். பாதாளத்தில் கிடந்த புருஷனுக்கு றேயா சோறு அனுப்பினாளா என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. மைமூனா வைத்தது இரண்டு.

6

முடிவுகள்:

(அ) ஹமீட் அழுதுகொண்டே கொட்டிலுக்கு ஓடுகிறார். யூஜினி சொன்னாள், அப்படி ஓடுகிற ஆம்பிளையை அவள் இன்னும் காணவில்லையாம்.

(ஆ) கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே கிடக்கிறார். பேச்சு முறிகிறது. இதை எழுதிவிட்டு எனக்கே சாப்பாடு இறங்கவில்லை, கிழித்துவிட்டேன்.

(இ) கோபித்துக்கொண்டு சகோதரி வீட்டுக்குப் போகிறார். எங்கள் ஆண்களுக்கு அப்படியொரு புகலிடம் உண்டு. ஆனால் அங்கே கதிரையில் மச்சான் இருப்பார்.

இத்தனையும் எழுதிய பிறகுதான் உறைத்தது: உம்மு இன்னும் வாய்திறக்கவில்லை. விழுங்கப்பட்ட ஐந்து பிள்ளைகளும் வயிற்றுக்குள் என்ன கதைத்தார்கள் என்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை. நானும் அதையேதான் செய்திருக்கிறேன். மன்னிக்கவேண்டும் மகளே, வா.

அவள் உள்ளறையிலிருந்து வந்து வாப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில் நின்றாள். வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கேட்கவில்லை. மருதமுனையைப் பற்றியும் கேட்கவில்லை.

"வாப்பா, நான் உங்கள எழும்பச் சொல்லல்ல. உம்மா அங்க தனிய இரிக்கா."

ஹமீட்டின் இரண்டு கைகளும் கதிரைச் சட்டத்தைப் பிடித்திருக்கின்றன. எழும்பவா, இறுக்கிக்கொள்ளவா? எனக்குத் தெரியாது. எனக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள். நாளைக்கு எவனோ ஒருவனை எழுப்பிவிட்டு அவன் வீட்டில் போய் இருப்பார்கள். என்னை இந்த வீட்டிலிருந்து எழுப்ப ஒருவரும் வரப்போவதில்லை. அந்த நேரத்தில் ஒரு தகப்பனுடைய உடம்பு எவ்வளவு பாரம் என்று நான் எப்படி எழுதுவேன்?

பெண்பிள்ளை பெற்றவர்களே, நீங்கள் எழுதுங்கள். அ, இ, எதுவென்றாலும் சரி. (ஆ-வைத் தரமாட்டேன், கிழித்துவிட்டேன்.) கொஞ்சம் கெதியாகச் சொன்னால் நல்லது. மைமூனா இன்னும் சோற்றில் கை வைக்கவில்லை.