சம்சாரம் என்ற ஃபோல்டர்

என் புருஷன் வெங்கிடேஷ் விட்டுப்போனதில் எனக்கே எனக்கு என்று நான் நினைத்திருந்தது ஒரே ஒரு ஃபோல்டர்தான். அதன் பேர் சம்சாரம்.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு மாடியறையில் அவருடைய கம்ப்யூட்டர் இருக்கிறது. பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஹார்ட் டிஸ்க். அவர் உயிர் அதற்குள்தான் இருந்தது. கார்ப்பரேஷன் ஆபீஸிலிருந்து வந்தால் சட்டையைக்கூட மாற்றாமல் மாடி ஏறிவிடுவார். பாட்டைச் சேர்ப்பது, பேரை மாற்றுவது, ஒரு ஃபோல்டரிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடுவது. நான் வீடு பெருக்கியதைவிட அவர் அதைப் பெருக்கியது அதிகம்.

நான் பொள்ளாச்சிக்காரி. அவர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், கோபம் வந்தால் இரண்டும் கலந்து. தமிழ் நன்றாகப் பேசுவாரே தவிர எழுதப் படிக்க வராது. அதனால் ஃபோல்டர்களுக்கெல்லாம் தமிழ்ப் பேரை ஆங்கில எழுத்தில் அடித்து வைத்திருந்தார். பழைய பாட்டு, சாமி பாட்டு, மழைக்கு, தூக்கம் வராதப்போ. அந்த வரிசையில் ஒன்று, சம்சாரம்.

மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. இத்தனை வருஷம் கொச்சியில் குப்பை கொட்டிய எனக்கு அது தெரியாமல் இருக்குமா? ஆனால் பாட்டு வைக்கிற இடத்தில் பேச்சுக்கு என்ன வேலை? சுற்றிலும் தமிழாக இருக்கும்போது நடுவில் சம்சாரம் என்றிருந்தால் அது பெண்டாட்டிதானே. ஒருநாள் சாயா கொண்டுபோனபோது திரையில் அதைப் பார்த்துவிட்டு, "இதென்னங்க, சம்சாரம்?" என்று கேட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "சம்சாரம்னா சம்சாரம்தான்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான் அதைத் திறந்து பார்க்கவில்லை. என்றைக்காவது அவரே கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, போட்டுக் காட்டட்டும் என்று விட்டுவிட்டேன். வீம்புதான், வேறென்ன? ஆனால் பக்கத்து வீட்டு ஷைலஜாவிடம் மட்டும் பீற்றிக்கொண்டேன். "என் பேர்ல தனியா பாட்டு எடுத்து வெச்சிருக்காரு எங்க வீட்டு மனுஷன். உங்க வீட்ல உண்டா?" அவள் வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சீரியல் பார்க்கிறவர்கள். பாவம்.

அந்தப் பெருமை எனக்கு அப்போது வேண்டியிருந்தது. கல்யாணமான புதிதில் அவருக்கும் எனக்கும் ஒரே ரசனை. பழைய தமிழ் சினிமாப் பாட்டுதான். சமையலறையில் நான் ஒரு வரி முணுமுணுத்தால் குளியலறையிலிருந்து அடுத்த வரி வரும். அப்புறம் தாவூத் அண்ணன், அதாவது இந்த ஊர் வழக்கில் தாவூதிக்கா, சிநேகமானார். யூதத் தெருப் பக்கம் சுக்கு, மிளகு வியாபாரம் செய்கிறவர். அவரும் தமிழ்தான், எங்களைப் போலவே இங்கே வேர்விட்ட குடும்பம். அவர்தான் இவரை மெஹ்பிலுக்கு அழைத்துப் போனார். பாய் விரித்து, ஆர்மோனியத்தையும் தபலாவையும் நடுவில் வைத்து, வியாபாரியும் சுமை தூக்குகிறவரும் ஒன்றாக உட்கார்ந்து கஜல் பாடுகிற கூட்டம். இந்த ஊரில் அது ஒரு பித்து. கொஞ்ச நாளில் அந்தக் கூட்டமே ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு மாடிக்கு வந்துவிட்டது. இவர் சின்ன ரெக்கார்டரில் எல்லாவற்றையும் பதிவு செய்தார்.

இவருக்குப் பாடத் தெரியாது. சுருதி நாலு தெரு தள்ளி நிற்கும். கேட்கிறவர் மட்டும்தான். ஆனால் கேட்டுக் கேட்டே ஆள் மாறிப் போனார். முதலில் தமிழ்ப் பாட்டு குறைந்தது, பிறகு இந்திப் பாட்டும் போனது, கடைசியில் வார்த்தையே இல்லாத வெறும் இழுப்பு. நான் பாட்டுப் போடச் சொன்னால், "அதெல்லாம் இன்னுமா கேக்கிறே?" என்பார். சக்களத்தி வந்திருந்தால் முடியைப் பிடித்து இழுத்திருப்பேன். உருது வரியை எங்கே பிடித்து இழுப்பது? அதனால்தான் அந்த ஒரு ஃபோல்டரை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அத்தனை கஜலுக்கும் நடுவில் எனக்கென்று ஒரு மூலை இருக்கிறது என்று.

போன மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். நெஞ்சு வலிக்கிறது என்றார், எர்ணாகுளம் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

பெங்களூரில் இருக்கிற மகள் மாதுரி, "எல்லாப் பாட்டும் போன்லயே இருக்கும்மா, அந்த டிஸ்க்கைத் தூக்கிப் போடு" என்றாள். அவள் தலைமுறைக்குப் பாட்டு என்பது குழாய்த் தண்ணீர், திறந்தால் வரும். நான் தூக்கிப் போடவில்லை. சம்சாரத்தைத் திறக்கவும் இல்லை. முன்னே வீம்பில் திறக்கவில்லை, இப்போது பயத்தில். அதையும் கேட்டு முடித்துவிட்டால் அவர் எனக்குக் கொடுப்பதற்கு இனி ஒன்றும் மிச்சமிருக்காதே.

போன ஞாயிறு மத்தியானம் தாவூதிக்கா வந்தார். வெங்கிடேஷ் நினைவாக ஒரு மெஹ்பில் வைக்கப் போகிறார்களாம், பழைய பதிவுகள் வேண்டுமாம். "எது எங்களுக்கு, எது உனக்குன்னு நீயே பிரிச்சுக் கொடு தங்கச்சி" என்றார். மாடிக்குப் போய் இரண்டு பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். அவர் சட்டையில் எப்போதும்போல் சுக்கு வாசனை.

பிரிப்பது நான் நினைத்த மாதிரி சுலபமாக இல்லை. தமிழ் எனக்கு, கஜல் அவர்களுக்கு என்றுதான் ஆரம்பித்தேன். இக்கா ஒவ்வொன்றாகத் தட்டிக் கொஞ்சம் ஓடவிட்டார். ஒரு கஜல் வந்தது. பாடுகிறவர் ஒரு சொல்லைப் பிடித்து மேலே கொண்டுபோனார். அடுத்து எங்கே இறங்குவார், எந்த இடத்தில் யார் ஆஹா போடுவார் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. கீழே மீன் கழுவிக்கொண்டே, திட்டிக்கொண்டே கேட்டதெல்லாம் என்னைக் கேட்காமலே உடம்பில் ஏறியிருக்கிறது. "இது இங்கேயே இருக்கட்டும்" என்றேன். அடுத்ததற்கும் அதையே சொன்னேன். பழைய தமிழ்ப் பாட்டு ஒன்றைப் போட்டார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதில் ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தது. எதற்காக இத்தனை வருஷம் சண்டை போட்டேனோ, அந்தப் பாட்டு எனக்கே சப்பென்றாகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. இந்த மாற்றத்தை அவரிடம் சொல்லியிருந்தால் எவ்வளவு சிரித்திருப்பார்!

இக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். சுட்டியை நகர்த்திச் சம்சாரத்தின் மேல் வைத்தார்.

"அது என்னோடது. அதுல கை வெக்காதீங்க" என்றேன்.

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "உன்னோடதா? இதை நீ கேட்டிருக்கியா?"

"இல்ல. எனக்காக எடுத்து வெச்சது."

"தங்கச்சி, அது வேண்டாம். அதுல ஒண்ணுமில்ல."

எனக்குச் சுருக்கென்றது. "ஒண்ணுமில்லேன்னா உங்க முகம் ஏன் இப்படிப் போகுது? எவளாவது இருக்காளா அதுல?"

"படச்சோனே! அப்படியெல்லாம் சொல்லாதே" என்று காதைப் பொத்திக்கொண்டார். பிறகு வேறு வழியில்லாமல் திறந்தார். உள்ளே நிறையக் குட்டிக் குட்டி ஃபைல்கள். முதலாவதைத் தட்டினார்.

யாரோ இருமினார்கள். தபலாவைச் சுத்தியால் தட்டிச் சரிசெய்கிற சத்தம். தாவூதிக்காவின் குரல், "சாயா கிட்டுமோ?" என்று. சிரிப்பு. அவ்வளவுதான், முடிந்துவிட்டது. அடுத்ததில் மீன் விலையைப் பற்றி யாரோ புலம்பினார்கள். அதற்கடுத்ததில் ஃபோர்ட் கொச்சி படகு நின்றுபோன கதை.

"பாட்டுக்கு நடுவுல நாங்க சம்சாரிக்கிறதையெல்லாம் வெட்டியெடுத்து இதுல போடுவான்" என்றார் இக்கா, என்னைப் பார்க்காமல். "பாட்டு அவனுக்குச் சுத்தமா இருக்கணும். ஆனா எதையும் அழிக்க மனசு வராது. குப்பையைக்கூட அடுக்கி வெக்கிற ஆளாச்சே."

பேச்சு. வெறும் பேச்சு. நான் பெண்டாட்டி என்று படித்ததை அவர் மலையாளத்தில் எழுதியிருக்கிறார். சம்சாரம்னா சம்சாரம்தான் என்று சிரித்தாரே, என்னைப் பார்த்துத்தான் சிரித்தாரா? அவமானத்தில் காது சுட்டது. செத்துப்போனவர்மேல் கோபம் வந்தால் யாரிடம் போய்க் கத்துவது? "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க இக்கா. எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று எழுந்தேன்.

அவர் பதறிப் போனார். எழுந்திருக்கிற அவசரத்தில் கை பட்டு வேறொரு ஃபைல் ஓட ஆரம்பித்தது. அதில் என் குரல்.

"பழம்பொரி ஆறிடும், சாப்பிட்டுட்டுப் பாடுங்க."

தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் நானே, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "ஏங்க, எல்லாரும் இருக்கும்போது ஒண்ணு கேக்கறேன். நம்ம கல்யாண வேன்ல ஓடுச்சே, அந்தப் பாட்டை யாரையாவது பாடச் சொல்லுங்களேன்."

கல்யாண வேன் டிரைவரிடம் இருந்தது ஒரே கேசட். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டுகிறவரைக்கும் அதில் ஒரு பாட்டைத்தான் வெங்கிடேஷ் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டே வந்தேன்.

"பின்னே ஆகட்டும் சீதே, பின்னே" என்றது அவர் குரல். பின்னே என்றால் அப்புறம். என் கொலுசுச் சத்தம் படியிறங்கிப் போனது. அது எந்த ஞாயிறு என்று எனக்கு நினைவில்லை, ஆனால் நான் எப்படி இறங்கியிருப்பேன் என்று தெரியும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

ஃபைல் முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை. யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு அந்தப் பாட்டு. ஆர்மோனியம் இல்லை, தபலா இல்லை. வெங்கிடேஷ் பாடினார். சுருதி வழக்கம்போல் எங்கேயோ நின்றது. முதல் வரியைத் தப்பில்லாமல் சொன்னார். இரண்டாவது வரியில் ஒரு சொல் மறந்து, லாலா போட்டு நிரப்பிக்கொண்டு மேலே போனார். யாரும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் இக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

மூன்றாவது வரி ஆரம்பிக்கும்போது கீழேயிருந்து ஒரு கத்தல். குக்கர் விசிலுக்கு மேலே, கணீரென்று, என் தொண்டைதான்.

"அந்தக் கதவைச் சாத்தித் தொலைங்க! சத்தம் தாங்கல!"

பாட்டு நின்றது. யாரோ எழுந்து நடந்தார்கள். கதவு சாத்துகிற சத்தம். அதோடு ஃபைல் முடிந்துவிட்டது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. இக்கா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். கடைசியில் நான்தான் கேட்டேன்.

"கதவைச் சாத்தினப்புறம் அவர் பாடினாரா இக்கா? பாட்டை முடிச்சாரா?"

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அந்த நாளை எங்கெங்கோ தேடிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"ஓர்மையில்ல தங்கச்சி, ஞாபகம் வரல" என்றார்.

பொய்யாவது சொல்லியிருக்கலாம், அந்த மனுஷர்.