ரத்தத்தில் உள்ளது

மலையாள எல்லைக்குள் இருந்த தமிழ்க் கிராமங்கள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஜனங்கள் கொதித்துக்கொண்டிருந்த 1954இல், பாறசாலைப் பக்கம் ஒரு விடியற்காலையில் யாரோ தந்திக் கம்பியை அறுத்துப் போட்டார்கள். வெயில் ஏறுமுன் போலீஸ் வந்து லீலாபாயின் கணவன் பொன்னுதாஸைக் கொண்டுபோனது.

செத்துப்போன அவன் அப்பன் பேர்போன தேங்காய்க் கள்ளன். அதுதான் காரணம். பொன்னுதாஸோ, தைத்து மிஞ்சிய துணியை விரலகலம் விடாமல் பொதிந்து திருப்பிக் கொடுக்கிற தையல்காரன்.

லீலாபாய் ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

"ஏமானே, பிள்ளைக்குக் காய்ச்சல். இவரு காலம்பற வீட்டிலதான் இருந்தாரு."

இன்ஸ்பெக்டர் பொன்னுதாஸின் தலையைப் பிடித்துத் திருப்பினார். "இந்தச் செவியெ நோக்கு. குற்றவாளிக்கு இப்படியாக்கும் இருக்கும்னு புஸ்தகத்தில உண்டு. அப்பன்றெ ரத்தம் எங்கே போகும்?"

பொன்னுதாஸ் மறுக்காமல் தலைகுனிந்து நின்றான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மகள் பிறந்த அன்று, "என் ரத்தமாச்சே, என்னவாகுமோ" என்று அழுதவன் அவன்.

அப்போது அவள் அப்பா எலியா உள்ளே வந்தார். மிஷன் பள்ளி வாத்தியார், மூன்று தலைமுறையாகச் சபையில் வேதம் போதித்த உபதேசியார் குடும்பம். கள்ளன் மகனுக்கா என் பெண் என்று கல்யாணத்துக்கே வராதவர்.

"கம்பிய அறுத்தது நானாக்கும்" என்றார்.

இன்ஸ்பெக்டர் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். "சாரே, மருமகனுக்காகப் பொய் பறயண்டா. உங்க குடும்பத்தில அப்படியொரு ரத்தமே இல்லல்லோ."

எலியா குடையை விரித்தார். அதற்குள்ளிருந்து ஒரு குறடும் ஒரு முழம் கம்பியும் மேஜைமேல் விழுந்தன.

"போராடுற ஆளுவ போலீஸ் குண்டடிபட்டுச் சாவுது. எனக்குச் சும்மா இருக்க முடியல்ல. அவன விடும்."

லீலாபாய்க்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

எலியாவுக்கு நாற்பது நாள் ஜெயில். பொன்னுதாஸ் தினமும் நெய்யாற்றின்கரை ஜெயிலுக்கு நடந்து சோறு கொண்டுபோனான். முதலில் பாத்திரம் மட்டும் கைமாறியது. இரண்டாம் ஞாயிறு லீலாபாயும் பின்னாலேயே போனாள். கம்பிகளுக்கு இருபுறமும் மாமனார், மருமகன் தலைகள் ஒட்டியிருந்தன.

"மக்கா, கறியில புளி கூடுதலாக்கும்."

"லீலா வச்சதாக்கும் மாமா. அவகிட்ட நீங்களே சொல்லுங்க."

"நானா? எலே, நல்ல கதை! நீ சொல்லு."

அவள் நிற்பதை இருவரும் ஒரே சமயத்தில் பார்த்தார்கள். "கறி பிரமாதம்" என்றார் எலியா. பொன்னுதாஸ் வேகமாகத் தலையாட்டினான்.