நாலு விரல் சரிவு

சகலையை மலை சைக்கிள் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தவனே நான்தான். படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிறான் என்று மனைவியின் தங்கை அழுதாள். வரைபடம் போட ஆள் கேட்கிறார்கள் என்று வாயை விட்டேன். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

அவன் வரும்வரை அந்த மலை என்னுடையது. பாறையைப் பிளந்து நான் வெட்டிய பாதையில் ஆளுயரத்துக்குக் குதிக்கவேண்டிய இடங்கள் மூன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் இறங்குவார்கள், இரண்டு பேர் விழுவார்கள். விழுந்தவன்கூட எழுந்து என்னைக் கும்பிடுவான்.

சகலை வந்ததும் அகலமான பாதைகளை வரைந்தான். மேடுகளின் தலையைத் தட்டையாக வைத்தான். பழகாதவர்கள் அதன்மேல் உருண்டு போவார்கள், பழகியவர்கள் தாண்டிப் போவார்கள், ஒரே மேடு. முதல் மாதமே கூட்டம் வாசல்வரை நின்றது. பள்ளிப் பிள்ளைகள், தொப்பை வைத்தவர்கள், அறுபது வயதில் சைக்கிள் வாங்கியவர்கள். என் பாதையில் புல் முளைத்தது.

"தங்கச்சி வீட்டுக்காரரு படம் பேப்பர்ல வந்திருக்கு, பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

"பாத்தேன்."

"அந்தச் சட்டை நல்லா எடுப்பா இருக்கு."

"பின்னாடி மேடு ஒண்ணு தெரியுதே, அதப் பாத்தியா? அது நான் போட்டது."

கண்ணை இடுக்கிப் பார்த்தாள். "அது மேடா? நான் மேகம்னு நெனச்சேன்."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்து, கால் வராதவர்கள் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டிக்கென்று உச்சியிலிருந்து அடிவாரம்வரை ஒரு பாதை வரைந்தான். வரைந்ததை என்னிடம் காட்டிப் பொறுமையாகச் சொன்னான்.

"அண்ணே, நம்ம சைக்கிள் சாஞ்சு குடுக்கும். மூணு சக்கரம் சாயாது. பாதை வெளிப்பக்கம் சரிஞ்சா வண்டியப் பள்ளத்துக்கு இழுக்கும். அதனால குறுக்க மட்டமா வேணும். தண்ணி போறதுக்கு அங்கங்க நீளவாக்குல சின்னப் பள்ளம் குடுத்திருக்கேன்."

"நான் இருபது வருசமா மண்ணு வெட்டறேன் தம்பி."

"தெரியும்ணே. அதான் உங்ககிட்ட சொல்றேன்."

அந்த மரியாதைதான் எரிச்சலாக இருந்தது.

பாதையை முழுக்க அவன் சொன்னபடி வெட்டினேன். மலையின் மூக்கைச் சுற்றி வரும் வளைவில் மட்டும், முப்பதடி நீளத்துக்கு, நாலு விரல் வெளியே சரித்தேன். மலைப்பாதையை எல்லாரும் அப்படித்தான் வெட்டுவோம், மழைத்தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். கை பழக்கத்தில் சரித்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். சொன்னால் பொய். ரசமட்டத்தை வைத்துப் பார்த்துப் பார்த்துச் சரித்தேன். வண்டி அங்கே முரண்டு பிடிக்கவேண்டும், அவன் கணக்கு தப்பு என்று ஊர் பார்க்கவேண்டும். ஓட்டுகிறவர் என்ன ஆவார் என்று யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருக்கப் பார்த்துக்கொண்டேன்.

ஓட்டிப் பார்க்கும் நாளன்று பூங்கா மேலாளர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நோட்டோடு வந்தார். "இன்னைக்கு இது எப்படிப் போகுதுன்னு பாத்துட்டு, புதுசா எடுத்திருக்கிற ரெண்டாவது மலைக்கு உங்க ரெண்டு பேர்ல யாரு பொறுப்புன்னு சொல்லிடறேன்" என்றார்.

ஓட்ட வந்த அம்மா முன்பு தபால் கொடுத்துக்கொண்டிருந்தவர். லாரி மோதி இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. வாய் மட்டும் போகவில்லை. "மலைக்கு இன்சூரன்ஸ் இருக்கா? நான் மோதினா அதுக்குத்தான் கஷ்டம்" என்றபடி ஹெல்மெட்டை மாட்டினார்.

நாங்கள் வளைவில் நின்றோம். அவர் நல்ல வேகத்தில் வந்தார். வளைவுக்குள் நுழைந்ததும் மலைப்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. அவர் மொத்த உடம்பையும் மலைப்பக்கம் எறிந்து பிரேக்கைப் பிடித்தார். வண்டி தேய்த்துக்கொண்டு போய், விளிம்புக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.



"உங்க மலைக்கு என்மேல என்னய்யா கோவம்?" என்று அவர் கத்தினார்.

சகலை ஓடிப்போய் வண்டியைப் பிடித்தான். பிறகு ரசமட்டத்தைப் பாதையின் குறுக்கே வைத்தான். குனிந்து பார்த்தான். நிமிர்ந்து என்னை ஒரே ஒரு தடவை பார்த்தான்.

"தப்பு என்னுது மேடம்" என்றான் மேலாளரிடம். "தண்ணிக்குப் பயந்து சரிவு குடுத்துட்டேன்."

மேலாளர் எழுதிக்கொண்டார். "உசிரு போற தப்பு தம்பி. ரெண்டாவது மலைய அண்ணனே பாத்துக்கட்டும்."

அவ்வளவுதான். கேட்டது மடியில் வந்து விழுந்துவிட்டது. நான் செய்யவேண்டியது வாயை மூடிக்கொண்டு நிற்பது மட்டும்.

தபாலம்மா மூச்சு வாங்கிக்கொண்டு பாதையைத் திரும்பிப் பார்த்தார். "ஆனா ஒண்ணு சொல்லணும். கோணலக்கூட என்ன சுத்தமாப் போட்டிருக்காங்க! இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் ஒரே அளவு. ஒரு கல்லு துருத்தல." சகலையின் தோளைத் தட்டினார். "கெட்டிக்காரன்தான் நீ."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மறுக்கவில்லை.

"அது என் வேலை" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"அவன் மட்டமாத்தான் வரைஞ்சான். சரிச்சது நான். தெரிஞ்சேதான் சரிச்சேன். நாலு விரல். முப்பதடிக்கும் நாலு விரல். அவனுக்கு மம்பட்டி பிடிக்கக்கூடத் தெரியாது."

மேலாளர் எழுதியதை அடித்துவிட்டு வேறு ஏதோ எழுதினார். "அந்த அம்மா கீழ விழுந்திருந்தா?" என்று கேட்டார். "ரெண்டாவது மலை தம்பிக்கு. நீங்க இருக்கணுமா வேணாமான்னு நாளைக்குப் பேசுவோம். இப்ப இதச் சரி பண்ணுங்க."

மேலாளர் இறங்கிப் போனதும் சகலை பக்கத்தில் வந்தான். "சும்மா இருந்திருக்கலாம்லண்ணே. நான் சமாளிச்சிருப்பேன்."

"என் தப்பக்கூட நீயே எடுத்துக்குவியா? எனக்குன்னு ஒண்ணும் மிச்சம் வைக்கமாட்டியா?"

அவன் சிரிக்கவில்லை. இன்னொரு மம்பட்டியை எடுத்தான்.

மன்னிப்புக் கேட்கத் தபாலம்மாவிடம் போய் நின்றேன். "கொத்துய்யா, நின்னு பாக்காத" என்றார். "இங்கயே இருக்கேன். ஓட்டாமப் போகமாட்டேன்."

கெட்டித்த மண்ணை உடைத்து, வெளிப்பக்கம் நிரவி, நனைத்து இடித்தோம். மதியம் தாண்டி முப்பதடியும் மட்டமாகிவிட்டது. தபாலம்மாவை வண்டியோடு மேலே ஏற்றிவிட்டோம், மறுபடி இறங்கி வந்தார். மூன்று சக்கரமும் தரையிலேயே இருந்தன. வளைவைத் தாண்டி, கீழே வெகுதூரம் போய் நின்று, மேலே பார்த்துக் கையை ஆட்டினார்.

யாரைப் பார்த்து ஆட்டினார் என்று தெரியவில்லை. சகலை கையைத் தூக்கப்போனான். அவனுக்கு முன்னால் நான் தூக்கிவிட்டேன்.